கடிவாளம் யார் கையில்? ஆவணங்களை உருமாற்றும் மொழிகளின் வடிவமைப்பு

ஓர் ஆய்விதழ்க் கட்டுரை இன்று பல உடல்களில் வாழ்கிறது. இணையப் பக்கம், அச்சுக்குப் போகும் பிடிஎஃப், மின்னூல், பப்மெட் சென்ட்ரல் போன்ற காப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய கோப்பு என வடிவங்கள் நான்கைந்து, மூலம் ஒன்றுதான். அந்த மூலம் பெரும்பாலும் ஜாட்ஸ் தரநிலைப்படி குறிச்சொற்கள் இட்ட எக்ஸ்எம்எல் கோப்பு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2003இல் வெளியிட்ட குறிச்சொல் தொகுப்பிலிருந்து வளர்ந்து, 2012இல் நிசோ அமைப்பின் தரநிலையானது ஜாட்ஸ். சென்னையிலும் புதுச்சேரியிலும் இயங்கும் பதிப்புச் சேவை நிறுவனங்களில் வெளிநாட்டு ஆய்விதழ்களின் பக்கங்கள் இந்த வழியில்தான் உருவாகின்றன. ஆசிரியர் அனுப்பிய வேர்ட் கோப்பு எக்ஸ்எம்எல் ஆகிறது. பிறகு அந்த எக்ஸ்எம்எல் மற்ற எல்லாமாகவும் ஆகிறது.

இந்த உருமாற்றங்களை ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். ஆனாலும் 1986இல், எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல் தரநிலை வெளியான காலந்தொட்டு இந்த ஒரு வேலைக்கென்றே தனி மொழிகள் திரும்பத் திரும்பப் பிறந்திருக்கின்றன: ஆம்னிமார்க், டிஎஸ்எஸ்எஸ்எல், எக்ஸ்எஸ்எல்டி, எக்ஸ்குவெரி. அவற்றுள் அதிகம் புழங்கியதும் அதிகம் வசை வாங்கியதும் எக்ஸ்எஸ்எல்டிதான். வசைகளில் பெரும்பாலானவை அதன் தோற்றத்தைப் பற்றியவை. என் பார்வையில் தோற்றம் சிறிய விஷயம். நிரலாளர் அதுவரை தானே எடுத்துவந்த முடிவுகளில் எவற்றை ஒரு மொழி தன் பொறுப்பில் வாங்கிக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் அது மேல்மட்ட மொழியா இல்லையா என்று சொல்ல முடியும். அந்தக் கணக்கில் எக்ஸ்எஸ்எல்டி மிகச் சரியாகச் செய்ததும் உண்டு; ஏழு ஆண்டுகள் தவறிலேயே நின்றதும் உண்டு.

தரவு வேறு, ஆவணம் வேறு

சம்பளப் பட்டியல் போன்ற தரவுக் கோப்பைப் படிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பெயர், எண், தொகை என்று எது எங்கே இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். நிரல் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஜேசன் தரவுக்காக ஸ்டீபன் டோலன் 2012இல் வெளியிட்ட ஜேக்யூ, இத்தகைய வேலையை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறது.

ஆவணம் அப்படிப் பணிந்து நடப்பதில்லை. பத்திக்குள் வாக்கியம் ஓடுகிறது. நடுவே சாய்வெழுத்தில் ஒரு தாவரத்தின் அறிவியல் பெயர். பெயரை ஒட்டி ஓர் அடிக்குறிப்பு. அடிக்குறிப்புக்குள் மீண்டும் ஒரு பத்தி. அந்தப் பத்திக்குள் இன்னொரு சாய்வெழுத்து. எழுத்தும் குறிச்சொல்லும் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது, எது எதற்குள் வரும் என்று முடிவு செய்பவர் கட்டுரையாசிரியர். அடுத்த கட்டுரையின் ஆசிரியர் வேறு விதமாக முடிவு செய்வார். ‘முதலில் தலைப்பை எடு, பிறகு பத்திகளை எடு’ என்று நிரல் கட்டளையிட்டால், பத்திக்குள் கிடக்கும் சாய்வெழுத்தை யார் எடுப்பது? அதற்கு ஓர் உள்வளையம், அந்த வளையத்துக்குள் அடிக்குறிப்புக்கு இன்னொரு வளையம், அடிக்குறிப்புக்குள் மறுபடி பத்தி வந்துவிட்டால் தொடக்கத்திலிருந்து இன்னொரு சுற்று. இந்தப் பாதையில் போன நிரல்கள் எல்லாம், எதிர்பாராத ஒரு குறிச்சொல் எதிர்பாராத ஓர் இடத்தில் வந்ததும் தடுக்கி விழுகின்றன.

தீர்வு, கடிவாளத்தை ஆவணத்திடமே கொடுத்துவிடுவது. நிரலாளர் வரிசையைச் சொல்வதில்லை. சாய்வெழுத்து வந்தால் இப்படி, அடிக்குறிப்பு வந்தால் அப்படி என்று தனித்தனி விதிகளை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த குறிச்சொற்கள் ஒரு மரம்போலக் கிளைக்கின்றன. அந்த மரத்தில் மேலிருந்து இறங்கிவரும் பொறி, அதாவது விதிகளை இயக்கும் மென்பொருள், எதிர்ப்படும் ஒவ்வொரு கணுவுக்கும் பொருந்தும் விதியைத் தேடி எடுக்கிறது. ரயில் தபால் பெட்டியில் கடிதம் பிரிப்பவருக்கு அடுத்து எந்த ஊர்க் கடிதம் கைக்கு வரும் என்று தெரியாது. எந்த ஊருக்கு எந்த அறை என்று தெரிந்தால் போதும். எக்ஸ்எஸ்எல்டியில் இந்த விதிகளுக்கு டெம்ப்ளேட் என்று பெயர்.

யோசனை புதிதல்ல. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ஆக் மொழி, உரைக்கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் இதையே செய்தது: வடிவம் பொருந்தினால் செயல். கனடாவின் ஒட்டாவா நகரில் இருந்த எக்ஸோடெரிகா நிறுவனத்தின் ஆம்னிமார்க் அதே முறையைக் குறிச்சொல் இட்ட ஆவணங்களுக்குக் கொண்டுவந்தது. வரி போய் மரம் வந்ததும் ஒரு புதிய தேவை எழுந்தது. சாய்வெழுத்து என்று மட்டும் சொன்னால் போதாது. தலைப்புக்குள் இருக்கும் சாய்வெழுத்து, மேற்கோளின் கடைசிப் பத்தி, படத்தைத் தொடர்ந்து வரும் முதல் அட்டவணை என்றெல்லாம் சுட்ட வேண்டும். அதற்கான சிறுமொழிதான் எக்ஸ்பாத். 1999 நவம்பர் 16 அன்று எக்ஸ்எஸ்எல்டி 1.0 தரநிலையோடு சேர்ந்தே வெளியான அது, பெற்றோர், பிள்ளை, மூதாதையர், மூத்த உடன்பிறப்பு, இளைய உடன்பிறப்பு என 13 திசைகளில் மரத்தில் நடக்க வழி செய்தது. எக்ஸ்பாயின்டர் என்ற இன்னொரு தரநிலைக்கும் தேவைப்பட்டதால் அதைத் தனி ஆவணமாகப் பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவினை பெரிய நன்மையாக முடிந்தது. இணையதளங்களைச் சோதிக்கும் செலினியத்தில் இன்று எக்ஸ்பாத் எழுதும் பலர் எக்ஸ்எஸ்எல்டியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விதியே இல்லாத குறிச்சொல்

விதிகளை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. யாரும் விதி எழுதாத குறிச்சொல் எதிர்ப்பட்டால் பொறி என்ன செய்ய வேண்டும்?

எக்ஸ்எஸ்எல்டி 1.0 சொன்ன விடை: குறிச்சொல்லை விட்டுவிடு, உள்ளே இருக்கும் எழுத்தை வெளியே அனுப்பு. விதிகளை எழுதி வைக்கும் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். விதி ஒன்றுகூட இல்லாத வெற்று ஸ்டைல்ஷீட்டைக் கொடுத்தாலும் ஆவணத்தின் உரை முழுவதும் வெளியே வந்துவிடும். பதிப்புத் தொழிலின் கண்ணில் இது நியாயமான விடை. அலங்காரம் போனாலும் ஆசிரியரின் சொல் ஒன்றுகூடத் தொலையக் கூடாது.

ஆனால் சொல் தொலையாமலே பொருள் தொலைவதுண்டு. பத்தின் அடுக்கு ஐந்து என்பதை எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதும்போது, 10ஐ அடுத்து வரும் 5 மட்டும் மேலெழுத்துக்கான குறிச்சொல்லுக்குள் இருக்கும். மேலெழுத்துக்கு விதி எழுத மறந்துபோன ஸ்டைல்ஷீட்டில் அது 105 என்று வெளிவரும். ஒரு லட்சம் நூற்று ஐந்தாகிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் பொறியைப் பொறுத்தவரை எல்லா எழுத்தும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கும் 105 ஒரு சாதாரண எண்தான். ஒரு பாக்டீரியா எண்ணிக்கை அட்டவணையில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிர்த் தேவையும் அன்றாடம் வரும்: எல்லாவற்றையும் அப்படியே படியெடுத்து, ஒரே ஒரு குறிச்சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். 1.0இல் இதற்கு ‘எல்லாக் கணுவையும் படியெடு’ என்ற பொது விதி ஒன்றை ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டின் தலையிலும் மந்திரம்போல எழுதிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜூன் 8 அன்று வந்த எக்ஸ்எஸ்எல்டி 3.0தான் மறைந்து கிடந்த முடிவை வெளியே எடுத்து நிரலாளரின் முன்னால் வைத்தது. விதி இல்லாதபோது உரையை மட்டும் விடலாம், கணுவைப் படியெடுத்துக்கொண்டு கீழே இறங்கலாம், கிளை முழுவதையும் படியெடுக்கலாம், கணுவைத் தாண்டிக் கீழே போகலாம், கிளையோடு தள்ளிவிடலாம், அல்லது பிழை என்று கூவி நின்றுவிடலாம். இந்த ஆறாவது வழிதான் 105ஐப் பிடிக்கும். அது தரநிலைக்குள் வரப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆவணங்களை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் மென்பொருளாக ஜான் மேக்ஃபர்லேன் 2006இல் தொடங்கிய பாண்டாக்கிலும் இதே அமைப்பைக் காணலாம். லுவா மொழியில் எழுதும் அதன் வடிகட்டிகளில் செயற்கூறுகளுக்குக் கணுவகைகளின் பெயரையே இட வேண்டும். எந்தக் கணு வருகிறதோ அதன் செயற்கூறு ஓடும். செயற்கூறு இல்லாத கணு மாறாமல் நிற்கும். எனக்கு இந்தத் தேர்வு பிடிக்கிறது. ஆனால் பாண்டாக் எல்லா ஆவணங்களையும் முதலில் தன் சொந்த மாதிரிக்குள் கொண்டுவருகிறது. அந்த மாதிரியில் இடம் இல்லாதவை வடிகட்டி ஓடத் தொடங்கும் முன்பே வாசலில் உதிர்ந்துபோகின்றன.

கூட்டாமல் எண்ணுவது

எக்ஸ்எஸ்எல்டி கற்பவர் மோதிக்கொள்ளும் முதல் சுவர், மாறியின் மதிப்பை மாற்ற முடியாது என்பது. அடிக்குறிப்புகளுக்கு எண் இட வேண்டும். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு மாறியை வைத்து ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டினால் வேலை முடிந்தது. இங்கே மாறி என்ற பெயர் மட்டும்தான். ஒருமுறை கொடுத்த மதிப்பு கடைசி வரை அதுவே.

இதை மொழி வடிவமைப்பாளர்களின் கல்லூரிப் பிடிவாதம் என்று பலர் நினைத்தார்கள். பதிப்பு வேலையிலிருந்தே ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு அத்தியாயத் தலைப்பில் அடிக்குறிப்பு இருக்கிறது. அந்தத் தலைப்பு உடலில் ஒருமுறையும், உள்ளடக்கப் பட்டியலில் ஒருமுறையும் உருமாறுகிறது. மாறியில் கூட்டிக்கொண்டே போகும் நிரல் அந்த அடிக்குறிப்பை இரண்டு தடவை எண்ணும். அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். கடிவாளம் ஆவணத்திடம் இருக்கும்போது, எந்த விதி எப்போது, எத்தனை தடவை ஓடும் என்பதை நம்பி எதையும் எழுதக் கூடாது. மாறியைப் பூட்டி வைத்தது இந்த முதல் முடிவின் தவிர்க்க முடியாத தொடர்ச்சி.

மாற்று வழி, எண்ணை ஆவணத்திலிருந்தே வருவிப்பது: இந்த அடிக்குறிப்புக்கு முன்னால் எத்தனை அடிக்குறிப்புகள் உண்டோ, அதோடு ஒன்று. எங்கிருந்து எத்தனை தடவை கேட்டாலும் விடை மாறாது. எக்ஸ்பாத்தில் இது அரை வரிகூட ஆகாது. ஆனால் சொன்னபடியே செயல்படுத்தினால், ஆயிரம் அடிக்குறிப்புகள் கொண்ட நூலில் முந்தைய அடிக்குறிப்புகளை எண்ணுவது மட்டுமே ஏறத்தாழ ஐந்து லட்சம் தடவை. ஆகவே எண்ணிடுவதற்கென்றே ஒரு தனிக் கட்டளையை மொழியில் வைத்தார்கள். எந்த மட்டத்தில் வந்தாலும் அடிக்குறிப்புகளை எண்ணு, அத்தியாயம்தோறும் ஒன்றிலிருந்து தொடங்கு என்று கேட்டால் போதும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எண்ணுவதா, முந்தைய விடையை நினைவில் வைத்துக்கொள்வதா என்பது பொறியை எழுதுபவரின் கவலை.

கோண அடைப்புகளின் கதை

இனி எல்லோரும் திட்டும் தோற்றத்துக்கு வருவோம். எக்ஸ்எஸ்எல்டிக்கு முன்பே இந்த வேலைக்கு ஓர் அழகான மொழி இருந்தது. 1996இல் ஐஎஸ்ஓ தரநிலையான டிஎஸ்எஸ்எஸ்எல், லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியின் பக்கவிளைவற்ற பகுதியை அடித்தளமாகக் கொண்டது. அதற்கு ஜேட் என்ற பொறியை எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க். குரோஃப் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியவரும் இவரே. ஸ்கீமின் அடைப்புக்குறி மழையைக் கண்டு ஆவணத் துறையினர் ஒதுங்கினார்கள். 1997 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், ஆர்பர்டெக்ஸ்ட், இன்சோ நிறுவனத்தினர் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியிடம் கொடுத்த எக்ஸ்எஸ்எல் முன்மொழிவில் விதிகள் எக்ஸ்எம்எல் வடிவிலும், கணக்குகள் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலை வடிவத்திலும் இருந்தன. அடுத்த வரைவுகளில் ஜாவாஸ்கிரிப்ட் போய்விட்டது. கோண அடைப்புகள் தங்கிவிட்டன. தொகுப்பாசிரியராக இருந்து எக்ஸ்எஸ்எல்டி 1.0ஐ முடித்தவரும் ஜேம்ஸ் கிளார்க்தான். தரநிலை முடியும் வரை காத்திருக்காமல் 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 ஒரு பழைய வரைவோடு கடைக்கு வந்ததில், ஒரே பெயரில் இரண்டு மொழிகள் உலாவிய குழப்பம் சில ஆண்டுகள் நீடித்தது.

இரண்டு அளவுருக்களோடு ஒரு டெம்ப்ளேட்டை அழைக்க நான்கு வரி எழுத வேண்டியிருப்பது எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நிரலே ஓர் எக்ஸ்எம்எல் ஆவணமாக இருப்பதால், அதை இன்னொரு எக்ஸ்எஸ்எல்டி நிரல் எழுதித்தர முடியும். இதன் அருமையைத் தைபேயின் அகாடமியா சினிகாவில் பணியாற்றிய ரிக் ஜெலிஃப் 1999இல் காட்டினார். அவர் உருவாக்கிய ஸ்கீமட்ரான், ஆவணங்களைச் சோதிக்கும் மொழி. ஒவ்வொரு படமும் உரையில் எங்காவது குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகளை எக்ஸ்பாத் கோவைகளாக எழுதி, மீறினால் மனிதருக்குப் புரியும் ஒரு செய்தியையும் சேர்த்துவிடலாம். இதற்குத் தனிப் பொறி ஒன்றும் அவர் எழுதவில்லை. ஸ்கீமட்ரான் கோப்பைப் படித்து எக்ஸ்எஸ்எல்டி நிரலாக மாற்றித்தரும் ஒரு ஸ்டைல்ஷீட்டை எழுதினார். அந்த விளைநிரல் ஆவணத்தைச் சோதித்தது. சில நூறு வரிகளுக்குள் ஒரு புது மொழி. 2006இல் அது ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஆனது. ஐரோப்பிய மின்விலைப்பட்டியல் தரநிலையான இஎன் 16931இன் சோதனை விதிகள் இன்று ஸ்கீமட்ரான் வடிவிலும், அதிலிருந்து பிறந்த எக்ஸ்எஸ்எல்டி வடிவிலும் வெளியிடப்படுகின்றன. ஜெனி டெனிசன் தொடங்கிய எக்ஸ்ஸ்பெக் என்ற சோதனை மொழியும் இதே உத்தியில் எழுந்தது. மேல்மட்ட மொழியின் மேல் இன்னொரு மட்டத்தை எழுப்ப, திட்டு வாங்கிய அந்தத் தோற்றமே வழி விட்டது.

ஏழு ஆண்டுத் தவறு

தோற்றத்தைத் திட்டியவர்கள் கவனிக்காமல் விட்ட உண்மையான குறை வேறு. எக்ஸ்எஸ்எல்டி 1.0இல் ஒரு மரத்தை உருவாக்கி மாறியில் வைக்கலாம். ஆனால் அந்த மரத்துக்குள் நடக்க முடியாது. வெளியீட்டில் படியெடுக்கலாம், சரமாக்கலாம், அவ்வளவுதான். ஆவணங்களை உருமாற்றப் பிறந்த மொழி, தன் கையால் உருமாற்றிய ஆவணத்தை மறுபடி தொட மறுத்தது.

பெரிய உருமாற்றங்கள் ஒரே பாய்ச்சலில் நடப்பதில்லை. முதலில் குப்பையைக் களைவது, அடுத்து மேற்கோள்களை நூற்பட்டியலோடு இணைப்பது, அடுத்து எண்ணிடுவது, கடைசியில் எச்டிஎம்எல் ஆக்குவது என்று கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு. 1.0இல் இதைச் செய்ய இடையிடையே கோப்பாக எழுதி மறுபடி படிக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பொறியும் தன் சொந்தப் பெயரில் தந்த நீட்சிச் செயற்கூறைச் சார்ந்திருக்க வேண்டும். தடையை நீக்க முயன்ற 1.1 வரைவு பாதியில் கைவிடப்பட்டது. மைக்கேல் கே தொகுப்பாசிரியராக இருந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0, 2007 ஜனவரி 23 அன்று வந்த பிறகுதான் தற்காலிக மரமும் மற்ற மரங்களைப் போன்ற மரமானது. அதற்குள் ‘எக்ஸ்எஸ்எல்டியில் பெரிய வேலை செய்ய முடியாது’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது.

2.0 தீர்த்துவைத்த இன்னொன்று தொகுத்தல். நூலின் இறுதியில் வரும் சொல்லடைவின் சொற்களை முதல் எழுத்துப்படி பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். 1.0இல் அதற்குக் கட்டளை கிடையாது. ஆரக்கிளில் இருந்த ஸ்டீவ் மூன்ச் ஒரு குறுக்குவழி கண்டார்: எழுத்துவாரியாக ஒரு தேடல் அட்டவணையை அமைப்பது, ஒவ்வொரு எழுத்தின் கீழும் முதலில் நிற்கும் கணுவை அதன் அடையாள எண்ணால் கண்டுபிடிப்பது, அதைக் குழுவின் தலைவனாக்குவது. அவர் பெயராலேயே அது மூன்ச் முறை என்று வழங்கியது. ஓர் அன்றாட வேலைக்கான உத்தி அதைக் கண்டுபிடித்தவரின் பெயரில் வழங்குகிறது என்றால், அந்த மொழியில் ஒரு கட்டளை குறைகிறது என்று பொருள்.

2.0இன் தொகுப்புக் கட்டளையில் எனக்கு மிகவும் பிடித்தது பொது மதிப்புப்படி தொகுப்பது அல்ல. அதைத் தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்க்யூஎல் எப்போதோ செய்துவிட்டது. அடுத்தடுத்து நிற்பவற்றைத் தொகு, இன்ன கணு வந்தால் புதுக் குழுவைத் தொடங்கு, இன்ன கணுவோடு குழுவை முடி என்ற மற்ற மூன்று வழிகள்தாம் ஆவணம் அறிந்தவர்கள் சேர்த்தவை. வேர்ட் கோப்பில் அத்தியாயம், பிரிவு என்ற கூடுகள் கிடையாது. தலைப்பும் பத்தியும் பட்டியல் வரியும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும். தலைப்பு வரும் இடமெல்லாம் புதுக் குழு என்றால் பிரிவுகள் கிடைத்துவிடும். பட்டியல் வரிகள் அடுத்தடுத்து நின்றால் ஒரு குழு என்றால் பட்டியல் கிடைத்துவிடும். தட்டையான கோப்பைக் கூடுள்ள எக்ஸ்எம்எல் ஆக்கும் வேலை நாள்தோறும் நடக்கும் இடங்களில் இந்தக் கட்டளை எவ்வளவு வரிகளை மிச்சப்படுத்தியது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மட்டம் உயர உயர

எல்லாவற்றையும் மொழியின் பொறுப்பில் விடலாமா? 3.0 அதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. மரத்தை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றினால்தான் 13 திசைகளிலும் நடக்க முடியும். பல ஜிகாபைட் கோப்புக்கு அது கட்டுப்படியாகாது. கோப்பை ஓடையாக, ஒரே திசையில் படித்துக்கொண்டே உருமாற்ற வேண்டும். ஆம்னிமார்க் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இயங்கியது. பின்னால் வரப்போகும் மதிப்புக்கு வெளியீட்டில் ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டு, மதிப்பு தெரிந்ததும் நிரப்பிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஓடையில் நிற்கிறோம் என்பது நிரலாளருக்கு ஒவ்வொரு வரியிலும் தெரிந்திருந்தது.

3.0 அதிகம் ஆசைப்பட்டது. அதே விதிகளை எழுதுங்கள், ஓடையாக ஓட்ட முடியுமா என்று மொழியே ஆராய்ந்து சொல்லும் என்றது. அதற்காகத் தரநிலையில் நீண்ட, கடினமான பகுதி ஒன்று சேர்ந்தது. ஒரே கோவையில் இரண்டு தடவை கீழே இறங்கக் கூடாது, முந்தைய உடன்பிறப்பைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற வகையில் விதிமேல் விதி. விலையிலிருந்து தள்ளுபடியைக் கழி என்று எழுதினால், இரண்டும் பிள்ளைக் கணுக்களாக இருந்தால் ஓடாது. குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதும் பண்புகளாக இருந்தால் ஓடும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரு வரிகளில் ஒன்று ஏன் மறுக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ள, மறைப்பதாகச் சொன்ன அதே பொறியின் உள்வேலையை நிரலாளர் கற்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்ட பிறகும் சாக்ஸன் பொறியின் கட்டணப் பதிப்புக்கு வெளியே இந்த வசதியைக் காண்பது அரிது. அதோடு வந்த திரட்டி என்ற ஏற்பாடு மட்டும் நேர்த்தியானது: தொடக்க மதிப்பு இது, இன்ன கணுவைக் கடந்தால் மதிப்பு இப்படி மாறும் என்று முன்பே அறிவித்துவிட்டால், அடிக்குறிப்பு எண்ணிக்கை ஓடையோடு கூடவே வரும், எந்த விதியும் அதைத் தொட்டுக் கெடுக்க முடியாது.

இன்னொரு பாதையும் திறந்தது. ஹருவோ ஹோசோயா, பெஞ்சமின் பியர்ஸ் இருவரின் எக்ஸ்டியூஸ், அதைத் தொடர்ந்து பிரான்சில் பிறந்த சிடியூஸ் ஆகிய மொழிகள், வெளியீடு தரநிலைக்கு உட்பட்டே இருக்கும் என்பதை நிரல் ஓடுவதற்கு முன்பே நிறுவிக்காட்டின. ஆராய்ச்சியாக அவை பெரிய சாதனை. பதிப்பகங்களின் உற்பத்தி வரிசைக்குள் அவை நுழையவில்லை. அங்கே கோப்பு உருவான பிறகு ஸ்கீமட்ரானால் சோதிப்பதே போதும் என்றாகிவிட்டது.

உலாவிகளோ 1.0ஐத் தாண்டவே இல்லை. சி மொழியில் டேனியல் வெய்யார் எழுதிய லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகமும் 1.0லேயே நின்றது, குரோம் நம்பியிருந்தது அதைத்தான். எக்ஸ்எம்எல் ஆவணங்களின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் வகைகளையும் தன்னோடு கட்டிக்கொண்டு 2.0 தரநிலை மிகப் பெரிதானதே, தன்னார்வலர்கள் புதுப் பொறி எழுத முன்வராததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். குறைவான பயன்பாட்டையும் பழைய சி நிரலின் பாதுகாப்பு ஓட்டைகளையும் காரணம் காட்டி, உலாவியிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை நீக்கும் திட்டத்தை குரோம் குழு 2025இல் அறிவித்தது. புதிய பதிவுகளை அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடைகளைப் படிக்கத்தக்க பக்கமாகக் காட்ட அதை நம்பியிருந்த சிறு தளங்களுக்கு இது இழப்பு. பதிப்பு வேலை உலாவியில் நடப்பதில்லை. அது சர்வர்களில் சாக்ஸனோடு தொடர்கிறது.

அங்கே மிஞ்சியிருக்கும் சிக்கல், முதல் முடிவிலேயே உடன்பிறந்தது. கடிவாளம் ஆவணத்திடம் போனால், ஒரு கணுவை எந்த விதி எடுத்துக்கொள்ளும் என்பதை நிரலைப் படித்துச் சொல்வது கடினமாகிறது. தொழில்நுட்ப நூல்களுக்கான டாக்புக் குறிச்சொல் தொகுப்பின் ஸ்டைல்ஷீட்டுகளைப் போன்ற பெரிய தொகுப்பில் நூற்றுக்கணக்கான விதிகள் பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும். மூலத் தொகுப்பை இறக்குமதி செய்துகொண்டு, வேண்டிய விதிகளை மட்டும் மேலெழுதலாம் என்பது பயனருக்குப் பெரிய சுதந்திரம். மூன்று கோப்புக்கு அப்பால் யாரோ எழுதிய விதி நம் பத்தியைக் கவர்ந்துகொண்டு போவது அதே சுதந்திரத்தின் மறுபக்கம். டபிள்யூ3சி சமூகக் குழு ஒன்றில் மைக்கேல் கே உள்ளிட்டோர் தயாரித்துவரும் எக்ஸ்எஸ்எல்டி 4.0 முன்வரைவு, ஒரு பயன்முறைக்கு, அதாவது ஒரே கணுவை வெவ்வேறு நோக்கங்களுக்காக உருமாற்றும்போது ஒவ்வொரு நோக்கத்துக்கும் இடும் பெயருக்கு, உரிய விதிகளை அந்தப் பயன்முறையின் அறிவிப்புக்குள்ளேயே அடைத்து எழுத இடம் தருகிறது. உள்ளடக்கப் பட்டியலுக்கான விதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அவற்றோடு சேர வெளியிலிருந்து எந்த விதியும் தற்செயலாக நுழையாது.